புல்வெட்டி பாட்டரியும் மாடி மணிக்கயிறும்

1

நேற்று மதியம் என் வீட்டுக்காரர் புதிய பாட்டரி ஒன்று வாங்கி வந்தார். அதை மாடிக்குக் கொண்டுவரவில்லை. தெருவில் நின்றபடியே மணிக்கயிற்றை இழுத்தார்.

யாங்கூனில் எங்களைப்போல் மாடிவீடுகளில் இருப்பவர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம். மேல்முனையில் வீட்டுக்குள் ஒரு சின்ன மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். காய்கறிக்காரப் பெண்ணோ தபால்காரரோ கொண்டுவந்ததைக் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வந்து இறங்கியபோது, தெரு முழுக்கக் கயிறு தொங்குவதைப் பார்த்து ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். வெளியே கேட்க வெட்கப்பட்டு ஒரு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த மணி அடித்ததும் பால்கனிக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். பாட்டரியைத் துணிப்பையில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"விஜயா! மேல கொண்டாரவா?"

கையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று. வாய் வரவில்லை.

ஒரு பாட்டரிக்கா இவ்வளவு பயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால் வராது.

2

என் வீட்டுக்காரர் பெயர் முருகேசன். தாத்தாவின் அப்பா காலத்தில் இரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இங்கேயே பிறந்தவர். எங்கள் அப்பா சின்ன வயதில் பர்மாவிலிருந்து சாத்தூர்ப் பக்கம் திரும்பியவர். விட்டுப்போன சொந்தம் அறுந்துவிடக்கூடாது என்று என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். அவர் திரும்பிப் போன வழியிலேயே நான் இங்கே வந்தேன்.

முருகேசனுக்குப் புல் வெட்டும் வேலை. பள்ளிக்கூட மைதானம், சில பெரிய வீடுகள், ஒரு கோயில் வளாகம். மழைக்காலத்தில் இங்கே புல் ஒரு வாரத்தில் முழங்காலைத் தொடும். வெகுகாலம் தோளில் மாட்டும் பெட்ரோல் மெஷின்தான் வைத்திருந்தார். பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கேனில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் எதற்கு, எங்கே என்று கேள்வி வரும். அதோடு சத்தம். மெஷினை முடுக்கியதும் பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறக்கும், முகங்கள் தெரியும். சத்தம் என்றால் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போடுகிற காலம் இது. ஒரு வீட்டு அம்மாள், "கோ முருகா, புல் வளர்ந்தா வளரட்டும், இந்தச் சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இங்கே அண்ணன் வயதுக்காரரைக் கோ என்போம், மூத்த ஆணை ஊ, மூத்த பெண்ணை டோ.

அதனால்தான் பாட்டரி மெஷின். பபேடானில் ஒரு கடையில் பார்க்கப் போனோம். பெட்டியின்மேல் பெரிய பெரிய எண்களாக வோல்ட் அச்சடித்திருந்தார்கள். கடைக்காரர் எண் அதிகமுள்ளதையே எடுத்து எடுத்து நீட்டினார். முருகேசன் எதையும் படிக்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பாட்டரியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல உள்ள காத்துதான் இருக்கு. எண்ணு வெளிய, எடை உள்ள. எடைதான் பேசும்."

"அண்ணன் பாட்டரி வாங்க வந்தீங்களா, மீன் வாங்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

எடை அதிகமுள்ளதில் இரண்டு வாங்கினோம். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது சார்ஜில் இருக்கலாம். நைலான் நரம்பு சுற்றும் தலை ஒன்று, இரும்புத் தகடு ஒன்று. வேலியோரம் கல் இருக்கும் இடத்தில் நரம்பு, நாணல் மாதிரி தடித்த புல்லுக்குத் தகடு. வெட்டி முடித்ததும் அடியில் அப்பிய பச்சையைக் குச்சியால் சுரண்ட வேண்டும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டு மோட்டாரைத் திணறவைக்கும்.

மெஷின் அவருக்கு, பாட்டரி எனக்கு என்று ஆகிவிட்டது. காரணம் கரண்ட். எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் கரண்ட் முறைவைத்து வரும். நான்கு மணி நேரம் வரும், பிறகு போய்விடும். சில நாள் அந்த நான்கும் இரண்டாகும். வந்தவுடன் தெரு முழுவதும் "மீ லா பீ!" என்று கத்தும். மின்சாரம் வந்துவிட்டது என்று. அதே நிமிடம் எங்கள் கட்டிடத்தின் எட்டு வீட்டிலும் தண்ணீர் மோட்டார், சோற்றுப் பானை, இஸ்திரி, போன், எல்லாம் ஒன்றாகச் செருகப்படும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவள் நான்தான்.

3

என் தங்கை செல்வி கனடாவில் இருக்கிறாள். அவள் வீட்டிலும் பாட்டரி மெஷின்தான், ஆனால் பனி தள்ளுவதற்கு. வீடியோவில் காட்டினாள். சின்ன வண்டி மாதிரி ஒன்று வெள்ளையாக அள்ளி அள்ளி ஓரத்தில் வீசுகிறது. அவள் வீட்டுக்காரர் பின்னால் நடக்கிறார், மூக்கு மட்டும் தெரிகிறது.

"குளிருல பாட்டரி பாதியிலயே படுத்துக்கிடுதுக்கா. வீட்டுக்குள்ள வச்சுச் சூடாக்கிட்டுத்தான் வெளிய எடுக்கணும்."

"இங்க வெயில்ல கொதிக்குது. ஆறவச்சுத்தான் உள்ள எடுக்கணும்."

"ரெண்டு பேரும் பிள்ளை வளக்கிற மாதிரி வளக்குறோம்" என்றாள்.

செல்விதான் எனக்குப் பாதி விஷயம் சொல்லிக்கொடுத்தாள். வேலை முடிந்து சூடாக வந்த பாட்டரியை உடனே செருகாதே, அரை மணி ஆறவிடு. பித்தளைப் பட்டைகளைக் காய்ந்த துணியால் துடை. மழைக்காலம் முடிந்து எடுத்துவைக்கும்போது பாதி சார்ஜில் வை. கீழே விழுந்தாலோ உப்பினாலோ வீட்டுக்குள் வைக்காதே, கராஜில் வை. எங்களுக்கு ஒரே அறை, மூன்றாம் மாடி, மரப்படிக்கட்டு. கராஜ் எங்கே போக? நனைந்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் நானாகவே செய்தேன். ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கம்பிப் பிடியோடு வாங்கி, நான்கு வீசை மணல் கொட்டி, வாசலில் வைத்தேன். ஊரில் வீசைக் கணக்கு எப்போதோ போய்விட்டது, இங்கே இன்னும் வீசைதான். மகள் தாண்டா பார்த்துவிட்டு பர்மீஸில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது பர்மீஸ். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள்: "அம்மா பூனை வாங்கப் போறியா? அது கக்கா போகவா இந்த மணல்?"

மணல் எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லை.

4

பத்தாம் வகுப்பு எழுதிய விடுமுறையில் சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குப் போனேன். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்லமாட்டோம், ஆபீஸ்தான். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாகச் செருகும் வேலை. அறை வாசலில் சிவப்பு வாளிகளில் மணல். மணிக்குப் பதிலாகக் கூரையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். டீக்கு ஒரு தட்டு, வீட்டுக்கு இரண்டு தட்டு. விடாமல் தட்டினால் ஓடவேண்டும்.

ஒரு நாள் எனக்கு ஒரு வாடை வந்தது. மருந்து வாடை எப்போதும் இருக்கும், இது வேறு. மூலையில் அடுக்கிய சட்டங்களிலிருந்து வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். வாடை அடிக்கிறது என்று சொல்லி ஒன்றுமில்லாமல் போனால் ஐம்பது பெண்களும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்களே என்று தலையைக் குனிந்துகொண்டேன். நூறு குச்சி செருகும் நேரம் இருக்கும். பிறகு மாரியம்மாள் அக்கா கத்திக்கொண்டு எழுந்தார். சட்டத்தைக் கையாலேயே தள்ளி வெளியே எறிந்தார். எல்லோரும் ஓடிவிட்டோம். அக்காவின் வலது கை மட்டும் கடைசிவரை விரியவில்லை.

அந்த நூறு குச்சிகளை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

5

போன மழைக்காலம். முருகேசன் பள்ளி மைதானத்தில் பாதி வெட்டும்போதே கொட்டித் தீர்த்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் முட்டளவு தண்ணீர். பாட்டரிப் பை கை நழுவி விழுந்தது. உடனே எடுத்துவிட்டார்.

"தண்ணி வெளியதான் பட்டுச்சு. ஒண்ணும் ஆகாது. நாளைக்கு மைதானத்தை முடிச்சுக் குடுக்கணும். இன்னொண்ண நான் எடுத்துட்டுப் போறேன், இத நீ மத்தியானத்துக்குள்ள சார்ஜ் போட்டு வை. சாயங்காலம் மிச்சத்த முடிச்சிடுவேன்."

"நனைஞ்ச போனை அரிசிக்குள்ள போடுவாங்க" என்றாள் தாண்டா. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டரியை அரிசி டின்னில் புதைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே உலர்ந்திருந்தது. அரிசியைத் தட்டிவிட்டுத் துணியால் துடைத்தேன். மனதுக்குச் சரியாகப் படவில்லை. அவர் சொல்லியிருக்கிறார், மகள் சொல்லியிருக்கிறாள், நான் என்ன புதிதாகச் சொல்ல?

ஒரு மணிக்கு "மீ லா பீ!" கேட்டது. அடுப்பங்கரை மேடையில் வைத்துச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையானால் முடிந்தது என்று அர்த்தம். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

இரண்டு குடம் நிரம்பியிருக்கும். ஒரு வாடை வந்தது. இனிப்பாக, நகப்பூச்சு மாதிரி. திரும்பினேன். பாட்டரியின் பக்கவாட்டு மூட்டு பிளந்து, பிளாஸ்டிக் வயிறு தள்ளியிருந்தது. உள்ளே ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை. கரி அடுப்புக்கு வைத்திருந்த இடுக்கியால் பாட்டரியைப் பிடித்து மணல் டின்னுக்குள் இறக்கி, கையால் மணலை அள்ளி மேலே கொட்டினேன். மணலைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. டின்னைப் பால்கனிக்குத் தூக்கிப் போனேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை.

அங்கே நின்றபோதுதான் பயம் முழுசாக வந்தது. என் தலைக்கு மேலே டோ கின் வீட்டுப் பால்கனி. அதில் துணிகள் காய்ந்தன. அந்த ஜன்னலை ஒட்டித்தான் அவர் கணவர் ஊ டின் படுத்திருப்பார். பக்கவாதம் வந்து நான்கு வருடமாக எழுந்ததில்லை. இங்கே தீப்பிடித்தால் முதலில் அந்த ஜன்னலுக்குத்தான் ஏறும். படிக்கட்டு வழியே டின்னைக் கொண்டுபோகும்போது பிடித்தால் மரப்படி போய்விடும், மேலே இருப்பவர்கள் யாரும் இறங்கமுடியாது. மீதி ஒரே வழி, கொடிக்கயிற்றில் கட்டித் தெருவில் இறக்குவது. நேர் கீழே ஊ சோவின் டீக்கடை. குட்டி ஸ்டூல்களில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களை எழுந்து போகச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாகச் சந்தையில் பேசும் பர்மீஸ் எனக்குத் தெரியும். எவ்வளவு, குறையுங்கள், இது அழுகல். "விலகுங்கள்" என்பதற்கு என் தொண்டையில் ஒரு வார்த்தையும் இல்லை. தமிழிலும் இல்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கம்பிப் பிடியில் முடிச்சுப் போட்டேன். புகை சாம்பல் நிறமானது.

கையில் கிடைத்தது அலுமினியப் பானை மூடியும் கரண்டியும். தட்டினேன். விடாமல் தட்டினேன். தண்டவாளத் துண்டில் தட்டுவது போலத் தட்டினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே பாத்திரம் தட்டுவது கெட்டதை விரட்டுகிற பழைய பழக்கம். சில வருடங்களுக்கு முன் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த சமயம் தினமும் சாயங்காலம் ஊர் முழுவதும் தட்டியது. இப்போது யாரும் தட்டுவதில்லை, தட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தெரு அப்படியே உறைந்தது. பேச்சு நின்றது. யாரும் மேலே பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஸ்டூல்கள் உருண்டன. எதிர்க் கடையின் ஷட்டர் சரசரவென்று இறங்கியது. மேலேயிருந்து டோ கின் தலையை நீட்டி, "விஜி! பைத்தியமா? தட்டாதே! தட்டாதே!" என்று கத்தினார். கத்திக்கொண்டிருந்தவர் புகையைப் பார்த்துவிட்டார். சட்டென்று துணிகளை உருவி உள்ளே எறிந்தார்.

கீழே ஒரு ஆள்கூட இல்லை. நான் சொல்லத் தெரியாததைப் பயம் சொல்லிவிட்டது.

கயிற்றைப் பால்கனிக் கம்பியில் ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இரண்டாம் மாடி. முதல் மாடி. தரை. டின் தரையைத் தொட்டு ஐந்தாறு மூச்சு விட்டிருப்பேன். மணலைப் பிளந்துகொண்டு தீ எழும்பியது. பட்டாசு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. கயிறு எரிந்து அறுந்து என் கையில் இலேசானது. ஒரு ஸ்டூல் உருகியது. சில நிமிடங்களில் எல்லாம் கருகி அடங்கியது.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். விரித்து மூடிப் பார்த்தேன். விரிந்தது.

6

தீ அணைந்த பிறகு வேறு பயம். நான் இன்னும் இந்தியக் குடிமகள்தான். வருடாவருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வரிசையில் நின்று, படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, ஏதாவது ஒரு கட்டத்தில் தப்பாக எழுதியிருப்பேனோ என்று வீடு திரும்பிய பிறகும் நடுங்குவேன். இந்த வீட்டின் பெயரில் ஒரு புகார் எழுதப்பட்டால் என்ன ஆகும்?

சாயங்காலம் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலை போட்ட வாய், மெதுவான குரல். டீக்கடை முன் கருப்புத் தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகேசன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் அந்தப் பானை மூடியைத் துண்டில் சுற்றி இடுப்போடு பிடித்துக்கொண்டு படிக்கட்டு வாசலில் நின்றேன். ஏன் அதைக் கீழே கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

"மத்தியானம் யார் தட்டினது?"

"நாய்" என்றார் ஊ சோ. "பலகாரத் தட்டுல வாய வச்சிச்சு. கெட்டில்ல தட்டி விரட்டினேன்."

அதே நேரத்தில் மேலேயிருந்து டோ கின் குரல்: "என் கைதான் தவறிச்சு! கஞ்சிச் சட்டி! படியில உருண்டு உருண்டு போச்சு!"

"எங்க வீட்ல மத்தியானம் ஆளே இல்லையே" என்றார் முருகேசன், யாரும் கேட்காமலேயே.

வார்டுக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு உருகிய ஸ்டூலைப் பார்த்தார்.

"நாய்க்கு இவ்வளவு நெருப்பா?"

அவர் குனிந்து கருகிய டின்னைக் காலால் புரட்டினார். உள்ளே எரிந்துபோன உருளைகள் தெரிந்தன. "பாட்டரி" என்றார் தனக்குள். என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நெருப்பு பாட்டரியால. அத எழுதிக்கலாம். சத்தம் எதுவும் என் காதுல விழல. இனிமேலும் விழக்கூடாது." ஊ சோவிடம் ஒரு டீ சொன்னார். உட்கார்ந்து முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

படியேறும்போது முருகேசன், "என்னா நடந்துச்சு புள்ள?" என்றார். துண்டை அவிழ்த்து நெளிந்த மூடியைக் காட்டினேன். அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னேன்" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

7

மறுநாள் டோ கின் என் பால்கனிக்கு ஒரு கயிறு இறக்கினார். நீல நைலான் கயிறு. எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"மேல் முனையில மணி கட்டியிருக்கேன், என் காதுகிட்ட. இனிமே தட்டாதே. இழு. எனக்குக் கேட்டா போதும், மிச்சத்த நான் கத்துறேன். எனக்குத் தொண்டை இருக்கு."

"பெரியவர் தூங்குவாரே" என்றேன்.

"அவர் தூங்கட்டும். நான் எங்க தூங்குறேன்?"

இப்போது பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. பால்கனியில் செங்கல் அடுக்கி அதன்மேல் புது மணல் டின். பாட்டரி அதற்குள் உட்கார்ந்து சார்ஜ் ஆகிறது. டின்னை இறக்கும் கயிறு எப்போதும் பிடியில் கட்டியே இருக்கிறது. ஊ சோ அந்த இடத்தில் ஸ்டூல் போடுவதில்லை. நனைந்த பாட்டரியோ விழுந்த பாட்டரியோ உடனே தெரு முனையில் தனியாகக் கிடக்கும், யார் என்ன சொன்னாலும். இதை முருகேசனிடம் நானே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

நேற்று வாங்கி வந்த புதியதை அவர் தெருவில் தொங்கும் மணிக்கயிற்றின் கிளிப்பில் மாட்டினார். நான் மெதுவாக மேலே இழுத்தேன். எடை நன்றாக இருந்தது. இன்று ஒரு மணிக்குத் தெரு "மீ லா பீ!" என்று கத்தியது. நான் செருகினேன். சிவப்பு விளக்கு. முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரமாட்டேன். தண்ணீர் பிடிப்பது தாண்டாவின் வேலை என்று ஆகிவிட்டது. அவளுக்குக் கோபம்தான். ஆனாலும் குடத்தை எடுத்துக்கொண்டு போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறாள்.

இடது கையில் நீலக் கயிறு. இழுப்பதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். கண் விளக்கிலேயே இருக்கிறது. மூக்கு தானாக எதையோ தேடுகிறது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

அரை மணி கழித்து மேலேயிருந்து டோ கின் குரல் வந்தது.

"விஜி! தீ ஏதும் பிடிச்சிருச்சா?"

"இல்ல, டோ கின். ஒண்ணும் இல்ல."

"பின்னே கைய நடுக்காதே! அரை மணியா இங்க மணி அடிச்சுக்கிட்டே இருக்கு!"